நானூறு கிராம்

புந்தா அரேனாஸில் நவம்பர் வந்தால்
தெருமுனைகளில் கயிறு கட்டிவிடுவார்கள்,
காற்று ஆளைத் தூக்கிப் போய்விடாதிருக்க.
அதைப் பிடித்தபடிதான் அன்று
வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குப் போனேன்.
வயது முப்பத்தெட்டு.
பிளாஸ்டிக் உறையில் ஒரே ஒரு சான்றிதழ்,
வாயில் நேற்றே ஒத்திகை பார்த்த மூன்று வாக்கியம்.

எலியானா என்ற அந்த அதிகாரி
மேசையில் ஒரு சீட்டுக்கட்டை வைத்தாள்.
ராஜா இல்லை, ராணி இல்லை.
பாதுகாப்பு. புகழ். சுதந்திரம்.
நல்ல கூட்டாளிகள். புதியதைக் கற்றல்.
பிறருக்கு உதவி. நல்ல சம்பளம்.
வீட்டுக்கு அருகில்.
இன்னும் முப்பது இருக்கும்.
"எதெல்லாம் இல்லாமல் உங்களால் முடியாதோ
அந்த ஐந்தை மட்டும் எடுங்கள், ஹிமேனா."

பிறருக்கு உதவியை முதலில் எடுத்தேன்.
பொய்.
தேவாலயத்தில் தட்டு வரும்போது
பக்கத்தில் இருப்பவள் பார்க்கிறாளா என்று
பார்த்துவிட்டுப் போடும் நோட்டு அது.
நல்ல சம்பளத்தைக் கட்டின் அடியில் செருகினேன்.
அதுவும் பொய்.
மகனுக்கு மாதம் ஒரு அளவு கால் வளர்கிறது.

எலியானா சீட்டுகளைப் பார்க்கவே இல்லை.
"இதை விடுங்கள்" என்றாள்.
"வேலையில் கடைசியாக எப்போது
உங்களுக்கு ரத்தம் கொதித்தது?"

யோசிக்க வேண்டியிருக்கவில்லை.
நண்டு ஆலை. மூன்றாம் எண் தராசு.
படகுக்காரர்கள் கொண்டுவரும் கூடை
ஒவ்வொன்றாய் ஏறும், இறங்கும்.
மேற்பார்வையாளர் ஒவாந்தோ
பேச்சு சுவாரசியத்தில் சாய்வதுபோல் சாய்ந்து
தட்டின் அடியில் கட்டைவிரலால்
ஒரு முட்டுக் கொடுப்பார்.
கூடைக்கு நானூறு கிராம்.
நான் திருடவில்லை.
எண்ணைப் படித்தேன், எழுதினேன்,
கீழே கையெழுத்துப் போட்டேன்.
ஏழு வருடம்.

டொமித்திலா என்றொரு படகுக்காரி.
தாளைப் பார்க்காமலே மடித்துச்
சட்டைக்குள் வைத்துக்கொள்வாள்:
"ஹிமேனா எழுதினால் சரியாகத்தான் இருக்கும்."

"ஒவாந்தோ மேலா கோபம்?"
முதலில் ஆமாம் என்றேன்.
பிறகு இல்லை என்றேன்.
எங்கள் எழுத்தில் என் பெயர்
பெருக்கல் குறியில் தொடங்கும்.
கணக்கு தப்பென்றால் வாத்தியார் போடுவாரே,
அதே குறி.
ஏழு வருடம் ஒவ்வொரு தாளின் அடியிலும்
நானே எனக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

எழுத்தில்லாத சீட்டு ஒன்றை அவள் நகர்த்தினாள்.
நேர்மை என்பது கட்டிலேயே இருந்தது.
பள்ளிச் சுவரில் தொங்கும் சொல்;
கண் அதைத் தாண்டிப் போய்விட்டிருந்தது.
பேனா வாங்கி, கோணலாய் எழுதினேன்:
நான் கையெழுத்திட்டது நடந்ததாக இருக்க வேண்டும்.
அப்புறம் அடியிலிருந்து
நல்ல சம்பளத்தை உருவி
அதன் பக்கத்தில் வைத்தேன்.
இந்த முறை வெட்கப்படவில்லை.
இரண்டும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்தன.
மிச்சம் மூன்று இடம் காலி.
"ஐந்து வேண்டுமென்று கட்டாயமில்லை" என்றாள் எலியானா.
அவளுக்கு அடுத்த ஆள் காத்திருந்தார்.

வியாழக்கிழமை, சரக்குப் படகு நிறுவனம்.
லாரிகளை எடை போடும் வேலை,
ஆலையைவிட அறுபதாயிரம் பெசோ குறைவு.
பாரியந்தோஸ் என்பவர் என் வயதைக் கேட்டார்,
இரவுப் பணி முடியுமா என்றார்,
என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்றார்.
ஒரு தொகை சொன்னேன், வாய் கூசாமல்.
உதட்டைப் பிதுக்கிக் குறித்துக்கொண்டார்.

"உங்களுக்கு ஏதாவது கேட்க வேண்டுமா?"

"நான் எழுதிய எடையைத் திருத்த
இங்கே யாருக்கு அதிகாரம்?"

பேனா நின்றது.
ஜன்னலுக்கு வெளியே கயிறு
விட்டு விட்டு அதிர்ந்துகொண்டிருந்தது.
"இதுவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை" என்று சிரித்தார்.

நல்ல சிரிப்புதான். ஆனால்
அது பதில் இல்லை.
உட்கார்ந்திருந்தேன்.